எலியின் யூரிகேஸ்

3 ஜூலை, திங்கள்

என் புரதத்தை இன்று வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் என் ஆய்வு வழிகாட்டி தேவசகாயம் சார். வாங்கிக்கொண்டவர் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெனாசிர் பேகம். பார்த்துக்கொண்டு நின்றவன் இசக்கிமுத்து, அதாவது நான்.

இது என்ன புரதம் என்று ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரு தரம் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எலியின் ஈரலில் யூரிகேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. நாங்கள் பேச்சில் என்சைம் என்போம். யூரிக் அமிலத்தைச் சிதைப்பது அதன் வேலை. மனிதர்களுக்கு அது கிடையாது; நம் வம்சம் அதை எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்டது. அதனால்தான் நாற்பது தாண்டியவர்களை உட்காரவைத்து டாக்டர், யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது, கறியைக் குறையுங்கள் என்கிறார். சாருக்கே வலது கால் பெருவிரலில் அந்த உபாதை உண்டு. வீங்கிய நாளில் ஒரு காலில் ஷூவும் மறு காலில் ரப்பர் செருப்புமாகத் துறைக்கு வருவார். எலிகளுக்கு இந்தக் கவலையே இல்லை.

அந்த நொதிக்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவை வேலை வாங்கி நொதியைச் செய்யவைத்து, சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டும். மருந்தை எலியில் சோதிக்கிற ஆய்வகங்களுக்கு எலியின் நொதிதான் வேண்டும். பூஞ்சையிலிருந்து எடுத்துக் கடையில் விற்பது உதவாது.

பாக்டீரியா செய்து தருகிறது. தாராளமாகவே தருகிறது. ஆனால் கரையாது. பாக்டீரியாவை உடைத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால், நொதி முழுக்கக் குழாயின் அடியில் வண்டலாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஒன்றும் இருக்காது. எங்கள் தொழிலில் வண்டல் என்றால் கோணல்மாணலாக மடிந்து செத்துப்போன புரதம். மேல் நீரை வைத்துக்கொள், வண்டலைக் கொட்டு என்றுதான் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். நான் அந்த வண்டலையும் விடவில்லை. யூரியாவில் கரைத்து, சிக்கெடுத்த நூலை மறுபடி சுற்றுவதுபோல மெதுவாக மடித்துப் பார்த்தேன். உயிர் வரவில்லை. குளிரில் வளர்த்தேன், வேறு பாக்டீரியாவில் வைத்தேன், இசக்கியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் முடிவாக எழுதிவிட்டேன்: எலி யூரிகேஸை பாக்டீரியாவிலிருந்து வேலை செய்யும் நிலையில் பெற முடியாது. முடியாது என்பதும் ஒரு முடிவுதான்; சாரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். செப்டம்பரில் சமர்ப்பிக்கப் போகிறேன்.

பிறகு எதற்கு இன்னொருவர்?

5 ஜூலை, புதன்

பெனாசிர் மேடத்துக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். உத்தமபாளையத்துக்காரர், இப்போது மதுரையில் கோரிப்பாளையத்தில் வீடு. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, குழந்தைகளுக்காக வேலையை விட்டவர். அப்படி விட்டுப்போன பெண்கள் திரும்பி வருவதற்கென்று ஒரு திட்டம் இருக்கிறது, அதில் வந்திருக்கிறார். பெட்டி பெட்டியாக என் பாக்டீரியாவை ஒப்படைத்தேன். ஐந்தாம் அத்தியாயத்தையும் படிக்கக் கொடுத்தேன், மரியாதைக்காக.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி எங்கள் ஆய்வகத்தின் ஆராய்ச்சித் திட்டக் கூட்டம். அதற்குள் வேலை செய்யும் நொதியைக் காட்டாவிட்டால் எலி யூரிகேஸைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களாம். அதை எடுத்துவிட்டால் மேடத்துக்கு இங்கே வேறு வேலை கிடையாது. பாவம்தான். ஆனால் நான் என்ன செய்ய முடியும்? நொதியின் குணம் அப்படி.

11 ஜூலை, செவ்வாய்

மேடத்துக்கும் கரையவில்லை. மெஸ்ஸில் இன்று புளிக்குழம்பு நன்றாக இருந்தது. மறுபடி சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

14 ஜூலை, வெள்ளி

காலையில் பாத்திரங்களை ஆவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் மூடியின் ரப்பர் வளையம் போய், துறை முழுக்க ஆவி. மதியம் மின்சாரம் போய் பாக்டீரியாக் குடுவைகள் ஆடாமல் நின்றுவிட்டன. நானும் மேடமும் ஆளுக்கு இரண்டு குடுவையைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே நின்றோம், பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டுமே. பார்த்தவர்கள் குழந்தையைத் தூங்கவைக்கிறீர்களா என்று கேலி செய்தார்கள். மேடத்துக்குக் கை வலித்ததாகத் தெரியவில்லை. இரண்டு பிள்ளை வளர்த்த கை.

இவரிடம் ஒரு பழக்கம். எதையும் கொட்டுவதில்லை. கழுவிய தண்ணீர், கழுவியதைக் கழுவிய தண்ணீர், எல்லாவற்றையும் குழாயில் ஊற்றிக் குளிர் அறையில் வைத்துக்கொள்கிறார். அங்கே என் அலமாரித் தட்டு வரைக்கும் ஆக்கிரமிப்பு வந்துவிட்டது. எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். பதில் கிடைக்கும் வரைக்கும் எது குப்பை என்று எப்படித் தெரியும் என்றார். எரிச்சலாக வந்தது.

22 ஜூலை, சனி

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

டீ குடிக்கும்போது மேடம் ஒரு கேள்வி கேட்டார். இந்த நொதி எலிக்குள் இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா என்றார். ஈரல் செல்லுக்குள், பெராக்ஸிசோம் என்ற சின்னப் பைக்குள் இருக்கிறது என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும். அது இல்லை, எங்கே என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த எலி ஈரல் படம். பையின் நடுவில் கறுப்பாக, கோடு கோடாக ஒரு கட்டி.

"அந்தக் கட்டிதான் முத்து யூரிகேஸு. எலியோட ஈரல்லயே அது கரைஞ்சு கிடக்கல. கட்டியாத்தான் உக்காந்திருக்கு. அங்கயே கரையாதது நம்ம தண்ணியில கரையலன்னு நாம கோவிச்சுக்கிறோம். அது சாகல, அதோட சுபாவமே அதுதான்னு இருந்தா?"

டீ ஆறிப்போனது. அந்தப் படத்தை நான் எம்.எஸ்ஸி. முதல் வருஷத்திலேயே பார்த்திருக்கிறேன். பரீட்சையில் வரைந்து, கட்டிக்கு அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண் வந்தது. அந்தக் கட்டிக்கும் என் குழாயில் வருஷக்கணக்காக உட்கார்ந்த வண்டலுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

சுபாவமே அப்படி என்றால் எப்படித்தான் வெளியே எடுப்பது என்று கேட்டேன். அமிலத்துக்கு நேர் எதிரான கார நீரில், சோடியம் கார்பனேட் கரைசலில் வைத்தால் இளகும் என்று அதே கட்டுரையில் இருக்கிறதாம். நீங்கள் யூரியா போட்டது தூங்குகிறவனை எழுப்பக் கையைக் காலை ஒடித்த மாதிரி என்றார். சிரிக்காமல் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஏன் சிரித்தோம் என்று இருந்தது.

28 ஜூலை, வெள்ளி

கார்பனேட்டில் போட்டார். இளகவில்லை. மோர் மாதிரி கலங்கி நிற்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை மேடம் கவனித்திருப்பார்.

4 ஆகஸ்ட், வெள்ளி

வண்டலை முதலில் நன்றாகக் கழுவ வேண்டுமாம், பாக்டீரியாவின் கொழுப்பும் அழுக்கும் போகிற வரைக்கும். இந்த வாரம் முழுக்கக் கழுவல். மேடம் கழுவுவதை இன்று நின்று பார்த்தேன். வேடிக்கைதான். வண்டலைக் கண்ணாடிக் குச்சியால் கலைத்து, சுற்றி, மேல் நீரை எடுத்து, மறுபடி கலைத்து. அவசரமே இல்லை. வண்டல் பழுப்பாக இருந்து மெல்ல மெல்ல சுண்ணாம்பு வெள்ளைக்கு வந்தது. என் வண்டல் ஒருநாளும் வெள்ளையாக இருந்ததில்லை. குப்பைதானே என்று நான் அதைக் கழுவும் முறையில் கழுவவில்லை.

கழுவியதைக் கார்பனேட்டில் போட்டார். பேசிக்கொண்டே இருக்கும்போது கலங்கல் போய்க் குழாய் தெளிந்துவிட்டது. பின்னால் ஒட்டியிருந்த அறிவிப்பின் எழுத்து குழாய் வழியே தெரிந்தது. அழகாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும், வேறு வார்த்தை இல்லை.

கரைந்துவிட்டதால் உயிர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதையும் சொன்னேன். தலையாட்டினார்.

11 ஆகஸ்ட், வெள்ளி

யூரிக் அமிலம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விழுங்கும். கருவியில் வைத்தால் எவ்வளவு விழுங்குகிறது என்று ஓர் எண் வரும். நொதி வேலை செய்தால் அமிலம் சிதையும், எண் இறங்கும். வேலை செய்யாவிட்டால் எண் அப்படியே நிற்கும். என் எண்கள் நின்றவைதான். என் கல்யாணப் பேச்சுகூட அவ்வளவு அசையாமல் நின்றதில்லை.

இன்று மேடம் விரலளவு கண்ணாடிப் பெட்டியில் அமிலத்தை ஊற்றி, நொதியைத் துளி விட்டு, மூடியைச் சாத்தினார். எண் இறங்கியது. தடுமாற்றம் இல்லாமல், ஒரே சீராக, படியில் ஆள் இறங்குவதுபோல இறங்கியது. மேடம் குதிக்கவில்லை, கத்தவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இறங்குது முத்து என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. காரத்தில் வைத்தால் யூரிக் அமிலம் வெறும் காற்றிலேயே கெடும், நொதியே தேவையில்லை என்றேன். இது பொறாமையால் சொன்னதல்ல, விஞ்ஞானம். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்கள் சொல்வது நியாயம் என்றார். நொதியைக் கொதிக்கவைத்துவிட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். நொதி என்றால் கொதித்ததும் வெந்த முட்டை மாதிரி ஆகிவிடும், அதன் பிறகு எண் இறங்கக் கூடாது. கொதித்த பிறகும் இறங்கினால் அது நொதியின் வேலை இல்லை, காற்றின் வேலை. திங்கட்கிழமை செய்துவிடலாம் என்றார்.

ஐந்தாம் அத்தியாயம் பற்றி அவர் பேசவில்லை. படித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

14 ஆகஸ்ட், திங்கள்

மேடம் வரவில்லை. சின்ன மகளுக்குக் காய்ச்சல், டெங்கு என்று சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். குளிர் அறையின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தார். கொதிக்கவைத்த சோதனையைச் செய்யச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று யோசித்தால் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

15 ஆகஸ்ட், செவ்வாய்

கொடியேற்றிவிட்டு லட்டு கொடுத்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குடையை மறந்து வைத்துவிட்டேன் என்று ஆய்வகத்துக்குப் போனேன்.

குடை எடுக்கத்தான் போனேன். போன இடத்தில் குளிர் அறையைத் திறந்தேன். மேடத்தின் குழாயை எடுத்துப் பாதியைப் பிரித்தேன். அதைக் கொதிநீரில் வைத்தேன். வெள்ளையாகத் திரிந்தது. நன்றாகக் குலுக்கி, அதிலிருந்து எடுத்துக் கருவியில் விட்டேன்.

இறங்கு என்று மனதுக்குள் சொன்னேன். இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம்? அது இறங்கினால் எல்லாம் காற்று. நான் பார்த்ததும் சரி, எழுதியதும் சரி, யாராலும் முடியாததைத்தான் என்னாலும் முடியவில்லை.

எண் அசையவில்லை.

கருவி கெட்டிருக்கும் என்று அணைத்துப் போட்டேன். புது அமிலம் கலக்கினேன். மறுபடி கொதித்ததை விட்டேன், நின்றது. வெறும் கார நீரை விட்டேன், அதுவும் நின்றது. கொதிக்காததை விட்டேன். விட்ட கணத்திலிருந்து இறங்கியது. எத்தனை தரம் மாற்றி மாற்றிச் செய்தேன் என்று நினைவில்லை. மத்தியானச் சாப்பாடு போய்விட்டது. கொதித்தது பிணம், கொதிக்காதது உயிர். இடையில் ஒரு சந்தேகமும் இல்லை.

என்ன நொதி அது! ஒரு துளி. எலி தன் ஈரலுக்காகச் செய்துகொண்டதை ஒரு பாக்டீரியா கேட்டபடி செய்து தருகிறது. நாங்கள் அடித்தோம், சுழற்றினோம், காரத்தில் போட்டோம். அத்தனைக்குப் பிறகும் தன் அமிலத்தைக் கண்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. எனக்கு அதைப் பிடித்துப்போனதில்தான் பெரிய கோபம். எல்லா வரைபடங்களையும் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

16 ஆகஸ்ட், புதன்

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

17 ஆகஸ்ட், வியாழன்

ஐந்தாம் அத்தியாயத்தில் எழுத்துப் பிழைகள் திருத்தினேன். நல்ல நடையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

18 ஆகஸ்ட், வெள்ளி

மேடம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கூட்டத்துக்கு வந்தார். மகளுக்கு ரத்தத் தட்டணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டனவாம். கண் இரண்டும் சிவந்திருந்தது. ஆனால் பேசியது தெளிவாக இருந்தது. எலி ஈரல் படத்தைக் காட்டினார், வெள்ளை வண்டலைக் காட்டினார், கடைசியில் எண் இறங்கிய வரைபடத்தைக் காட்டினார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் ஓர் அம்மாள். அவர் நான் கேட்டதையே கேட்டார். காரத்தில் அமிலம் தானாகக் கெடுமே, கொதிக்கவைத்த சோதனை எங்கே என்றார்.

"செய்யல மேடம். அதைச் செய்யாம இது என்சைமோட வேலைன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த எல்லோரும், நான் உட்பட, அங்கே ஒரு காரணம் சொல்லியிருப்போம். இவர் நேராக நின்று, தன் வேலையில் எது இல்லையோ அதைச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்தால் முடிவு சொல்லப் போகிறார் என்று அர்த்தம். ஏற்கெனவே ஓர் ஆய்வேடு இது முடியாது என்கிறது, ஆகவே எலி யூரிகேஸை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார். ஏற்கெனவே ஓர் ஆய்வேடு என்றால் என் ஆய்வேடு. என் எழுத்தைச் சாட்சி வைத்து மேடத்தை வெளியே அனுப்பப் போகிறார்கள். நான் அசையாமல் இருந்தாலே போதும்.

எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"அந்தச் சோதனை செஞ்சாச்சு சார். அக்கா செஞ்சது சரிதான்."

பையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தேன். நிபுணர் அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கொதித்தது, வெறும் நீர், கொதிக்காதது, மறுபடியும் கொதித்தது. இப்படி விடாமல் மாற்றிப் போட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

சார் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்கு நாகர்கோவில் பேச்சு வந்துவிடும்.

"உனக்க அஞ்சாம் அத்தியாயம் என்னாவும்னு தெரியுமாடே?"

தெரியும் என்றேன்.

"பின்ன எதுக்கு இதச் செஞ்ச?"

"பொய்னு காட்டத்தான் சார் செஞ்சேன். பொய்யா இல்ல."

நிபுணர் அம்மாள் மட்டும் சிரித்துவிட்டார். எலி யூரிகேஸ் திட்டத்தில் இருக்கிறது. பெனாசிர் அக்கா இருக்கிறார். என் ஆய்வேடு செப்டம்பரில் போகாது. எப்போது போகும் என்று சார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் அக்கா ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கு என்று சொல்லத் தயாராகப் போனேன். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. என்னைக் கேட்காமல் என் குழாயை எடுத்தது தப்பு, அதில் பாதிக்கு மேல் காலி, ஒருவாரக் கழுவல் அது என்றார். ஆமாம் என்றேன். பொய் என்று காட்டுவதற்காக எடுத்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்கிறீர்கள், என் முகத்தைப் பார்த்தாவது சொன்னீர்களா என்றார். இல்லை என்றேன். மூன்று நாளாக என் பையில் என்ன இருந்தது, அவர் ஆஸ்பத்திரியில் என்ன நினைத்து உட்கார்ந்திருப்பார் என்பதெல்லாம் அப்போதுதான் சேர்ந்து உறைத்தது. மன்னிச்சிருங்கக்கா என்றேன்.

அக்கா ஹெல்மெட்டைப் போட்டார். வண்டியைக் கிளப்பவில்லை. மறுபடி கழற்றினார்.

"நம்பிக்கிட்டு நான் செஞ்சிருந்தா அந்தப் பேப்பரை அவங்க சந்தேகப்பட்டு ரெண்டு தடவை திருப்பிப் பாத்திருப்பாங்க முத்து. நம்பாத ஆளு நீங்க செஞ்சீங்க பாருங்க, அதான் நின்னுச்சு. நாளைக்குப் புதுசா வண்டல் கழுவப் போறேன். வந்து இன்னொரு தடவை பொய்னு காட்டுங்க."

காலையிலேயே வந்துவிடுகிறேன் என்றேன்.